நிக்கனோருக்குப் பதில் ஓர் ஆள்

எங்கள் லுகோயார் பட்டணத்தில் காவல்காரனாவதற்கு ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். பட்டாளம் இவன் லாயக்கில்லை என்று தள்ளிவிட்டிருக்க வேண்டும். நொண்டி, செவிடு, ஒற்றைக்கண்ணன், துப்பாக்கி பிடித்தால் கை நடுங்குகிறவன், பொழுது விடிந்ததிலிருந்து கோப்பையைப் பிடிக்கிறவன், இவர்களையெல்லாம் பட்டாளம் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? சேவைக் காலம் முடியாமல் வீட்டுக்கு அனுப்பவும் மனசு வராது. போய் ஊரைக் காப்பாற்று என்று எங்களைப் போன்ற பட்டணங்களுக்கு அனுப்பிவிடும். ஊர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

என் புருஷன் நிக்கனோரும் அப்படித்தான் வந்தான். மலைநாட்டுச் சண்டையில் பனியில் கிடந்ததில் இடது கால் விரல்கள் போய்விட்டன. நெஞ்சில் ஓர் இருமல் குடியேறி, வாடகை கொடுக்காத ஆள் மாதிரி போகமாட்டேன் என்றது. கூடவே நானும் வந்தேன். எங்களுக்கு ஆற்றுத்துறையைக் கொடுத்தார்கள். துறையின் மேட்டில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு காவல் கூண்டு. அதற்குப் பின்னால், குளிருக்கு மேலே ஏறிப் படுக்கிற பெரிய மண் அடுப்போடு ஒரே அறையாக ஒரு குடிசை. அவன் நீளக் கம்புக் கோடரியைப் பிடித்துக்கொண்டு கூண்டில் நிற்பான். நான் குடிசைக்குள் உட்கார்ந்து புகையிலை இடித்து மூக்குப்பொடி செய்வேன். எல்லாக் கூண்டுக்காரன் பெண்டாட்டியும் செய்கிற வேலைதான் அது. ஆனால் என் பொடிக்கு மேல்தெருவிலிருந்துகூட ஆள் வரும்.

நிக்கனோரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவன் குடிக்கமாட்டான். வந்த அன்றைக்கே நான் சொன்னேன், "ஏய்யா, எசமான் முன்னாடி கொஞ்சம் தள்ளாடித்தான் காட்டேன்" என்று. "பொய்யாத் தள்ளாட எனக்கு வராதுடி" என்றான். விளைவு என்ன? குடிகாரர்களை நம்பி ஆற்றங்கரையில் நிறுத்த முடியாதாம், உருண்டு தண்ணீரில் விழுந்துவிடுவார்களாம். அதனால் அவர்களெல்லாம் பட்டண அதிகாரியின் வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள். காவல் படையில் ஒருவன் அங்கே வண்டி ஓட்டினான், ஒருவன் விறகு பிளந்தான், மீசை நரைத்த ஒரு கிழவன் தொட்டில் ஆட்டினான். குடிக்காத மடையன் மட்டும் ஆற்றுக் காற்றில் நின்றான். நல்லவன் தலையில்தான் ஊர் மிளகாய் அரைக்கும்.

அவனுடைய சேவைக் காலம் போன வசந்தத்திலேயே முடிந்துவிட்டது. விடுதலை கிடைத்தால் தெற்கே என் அண்ணன் கொர்தேய் வீட்டுக்குப் போகலாம். அண்ணன் தேனீ வளர்க்கிறான். அங்கே காற்றும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் எங்கள் பட்டண அதிகாரி ஒரு வார்த்தை மேலிடத்துக்குச் சொன்னால்தான் விடுதலை. அவர் சொல்லவில்லை. கோடை போனது, இலை உதிர்ந்தது. பட்டாளத்து வைத்தியர் நிக்கனோரின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் தனியாக வெளியே அழைத்தார். "இன்னொரு குளிர்காலம் அந்தக் கூண்டுல நின்னான்னா பனி உருகறதைப் பாக்கமாட்டான்மா" என்றார். 

அன்றைக்கே ஒரு பொட்டலம் பொடியை எடுத்துக்கொண்டு அதிகாரி வீட்டுச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். பொர்பீரி லூக்கிச் என்று பெயர் அவருக்கு. உருண்டையான மனுஷர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாரு, துறை உஸ்தீன்யாவா? பொடி கொண்டாந்தியா?"

"பொடியும் கொண்டாந்தேன், ஒரு வேண்டுதலையும் கொண்டாந்தேன் எசமான்."

"பொடியைக் குடு. வேண்டுதலை நீயே வச்சுக்க." ஒரு சிட்டிகையை இழுத்து, தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தெரியும், தெரியும். உம்புருஷனை விடணும். மேல கவர்னர் கேக்கறாரு, ஏன் ஆள் பத்தலைன்னு. கீழ நீ கேக்கறே, ஏன் ஆளை விடலைன்னு. நான் என்ன, ஆளை முட்டைக்கோஸ் மாதிரி தோட்டத்துலயா போட்டு வளக்கறேன்?"

"எசமான் வீட்டுலயே காவல்காரங்க நாலஞ்சு பேர் இருக்காங்களே. அதுல ஒருத்தரைத் துறைக்கு அனுப்பினா..."

அவர் பயந்துபோய் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசு தாயி. எம்பொண்டாட்டி காதுல விழுந்துதுன்னா, தொட்டில் ஆட்டறவன் போயிட்டான்னு என்னையே தொட்டில்கிட்ட உக்கார வச்சுடுவா."

"நிக்கனோர் செத்துடுவான் எசமான்."

"செத்தாலும் எனக்கு ஓர் ஆள் கொறையும், போனாலும் ஓர் ஆள் கொறையும்." சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது போல. குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. நிக்கனோருக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டா. குடிக்காதவனா, ரெண்டு காலும் உள்ளவனா. அன்னிக்கே உம்புருஷனைக் கூட்டிட்டுப் போ."

ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். புகைபோக்கி துடைப்பவனிடம் கேட்டேன். "எனக்கு மூஞ்சிதான் கறுப்பு, உஸ்தீன்யா. கூண்டுக்காரன்னு பேரெடுத்தா எவனும் பொண்ணு குடுக்கமாட்டான்" என்றான். படகுத்துறைக் கூலிகள் சிரித்தார்கள். மீன்கடைப் பெலகேயா மட்டும் சிரிக்காமல், கையிலிருந்த மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஊர்க்காரன் எவன் அதுல சேருவான்? என் தம்பி குடிச்சுட்டு ரோட்டுல கெடந்தா தூக்கிட்டுப் போறவன் கூண்டுக்காரன். நாளைக்கு என் தம்பியே தூக்கறவனா ஆயிட்டா, அவனை யார் தூக்கறது?"

"அக்கா, வெளையாடாத. எம்புருஷன் உசுரு விஷயம்."

"வெளையாடல. ஊர்ல யாருக்கும் ஆகாதவனைத்தான் அதுல போடுவான். வெளியூர்க்காரனாப் பாரு. விவரம் தெரியாதவனாப் பாரு."

அது நல்ல யோசனைதான். ஆறு உறைவதற்கு முன்னால் கடைசியாக வந்த உப்புப் படகிலிருந்து சிசோய் என்று ஒருவன் இறங்கினான். பட்டாளத்திலிருந்து வெளியே வந்தவன். ஒரு காது கேட்காது, மற்றபடி ஓங்குதாங்கான ஆள். போவதற்கு இடமில்லாமல் துறையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவனைக் குடிசைக்குள் அழைத்து முட்டைக்கோஸ் சாறு ஊற்றினேன். கறுப்பு ரொட்டியைப் பெரிதாக அறுத்துக் கொடுத்தேன். அவன் குடித்து முடிப்பதற்குள் வாய் கூசாமல் பொய் சொன்னேன். காவல் வேலை என்றால் ராஜாங்க வேலை, சும்மா நிற்பதுதான் வேலை, ஆற்றுக் காற்று உடம்புக்கு நல்லது என்று அடுக்கினேன். அப்போது பார்த்து அடுப்புமேல் படுத்திருந்த நிக்கனோர் இருமினான்.

"அவருக்கு என்ன?" என்றான் சிசோய், கேட்கிற காதைத் திருப்பி.

"அவரு காத்தே படாம உள்ளயே கெடக்கறாரு, அதான்" என்றேன். 

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அதிகாரி வீட்டுக்குக் கிளம்பினேன். எங்கள் ஊரில் அதிகாரி வாசலை வெறுங்கையோடு மிதிப்பது பாவம். திருநாளுக்குத் தேவாலயம் போகாதவன்கூட மன்னிக்கப்படுவான், வெறுங்கையோடு போனவன் மன்னிக்கப்படமாட்டான். அதனால் விடியலிலேயே எழுந்து, இருந்த மாவையெல்லாம் போட்டுப் பிசைந்து, ஆற்று மீனும் வெங்காயமும் அடைத்து ஒரு பெரிய மீன் ரொட்டி சுட்டேன். அதைத் துணியில் சுற்றிச் சிசோயின் கையில் கொடுத்தேன். வேலைக்குச் சேரப்போகிறவன் கையில் இருந்தால்தான் மரியாதை என்று நினைத்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்படித்தான்.

பொர்பீரி லூக்கிச் ஆளைப் பார்ப்பதற்கு முன் ரொட்டியைப் பார்த்தார். ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு போட்டார். பிறகுதான் சிசோயை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ சுட்டதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பாவி, காது கேட்காத பாவி, இதை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டான். சமையல்கட்டின் சூடு அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தான், ஜன்னலுக்கு வெளியே பறக்கிற பனியைப் பார்த்தான்.

"ஆமாங்க எசமான்" என்றான்.

அவ்வளவுதான். காவல் படையில் சேர்த்துக்கொண்டார்கள், சமையல்கட்டில் நிறுத்திக்கொண்டார்கள். நான் குறுக்கே விழுந்து சொன்னேன், "எசமான், இவன் நிக்கனோருக்குப் பதில்." அவர் வாயில் மீன் ரொட்டியோடு தலையாட்டினார். "சேத்தாச்சு தாயி, சேத்தாச்சு. ஆனா துறைக்கு இன்னும் ஓர் ஆள் வேணுமே. இன்னொருத்தனைப் பாரு. நீ நல்லாத்தான் பாக்கறே."

அந்த வாரமே சிசோய் சந்து வழியாக என்னிடம் வந்து நின்றான், மாவுக்கு எவ்வளவு வெண்ணெய் என்று கேட்க. துடைப்பத்தை எடுத்தேன். பிறகு சொல்லிக்கொடுத்தேன். அவன் மாட்டிக்கொண்டால் நான் அழைத்துவந்த ஆள் ஏமாற்றுக்காரன் என்றாகும், அடுத்த ஆளை யார் நம்புவார்கள்? அடுத்த ஆள் என்று யாரும் வரவில்லை. ஆறு உறைந்தது, படகுகள் நின்றன, வெளியூரிலிருந்து ஒரு ஈ காக்கை இறங்கவில்லை.

குளிரின் உச்சத்தில் வருகிற திருக்காட்சித் திருநாளன்று நிக்கனோர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான், கால் தரையில் நிற்கவில்லை. துப்பிய துணியைச் சுருட்டி என்னிடமிருந்து மறைத்தான். கூண்டு காலியாக இருந்தால் ஓடிப்போனவன் என்று சவுக்கடி. நான் யோசிக்கவே இல்லை. ஆணியில் தொங்கிய ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அது கணுக்கால் வரைக்கும் வந்தது. தொப்பியைப் புருவம் வரை இழுத்து, காலரைத் தூக்கி மூக்கு வரை மூடிக்கொண்டேன்.

"என்னடி பண்றே?" என்றான் அடுப்புமேலிருந்து.

"உனக்குப் பதில் ஆள் தேடச் சொன்னாங்கல்ல. தேடிட்டேன்."

"சிரிக்க வைக்காத. சிரிச்சா இருமல் வருது."

முதல் நாள் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் காலரை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் ஒன்று புரிந்துவிட்டது. கூண்டுக்குள் யார் நிற்கிறார்கள் என்று உலகத்தில் ஒருவரும் பார்ப்பதில்லை, கோட்டு நிற்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பனிமேல் வண்டி வந்தால் எந்தப் பக்கம் போகலாம் என்று கம்பால் காட்ட வேண்டும். பெரிய மனிதர் வண்டி என்றால் கம்பை நிமிர்த்த வேண்டும். சண்டை போடுகிறவர்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டும். பேசத்தான் கூடாது. என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தது அப்போதுதான். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கவர்னரிடமிருந்து ஒரு பெரிய அதிகாரி பனிவண்டியில் ஆற்றின் மேலாக வந்தார். நான் கம்பை நிமிர்த்தி நின்றேன். வண்டியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். மறுநாள் காலையில் பொர்பீரி லூக்கிச் தனியாகத் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வண்டியை அவரே ஓட்டி நான் பார்த்ததில்லை.

"காலரை எறக்கு."

இறக்கினேன். குதிரை மூக்கால் ஊதியது.

"உம்புருஷன் எங்க?"

"அடுப்புமேல கெடக்கறான் எசமான். எந்திரிக்க முடியல."

"பட்டாளத்துக் கோட்டை ஒரு பொம்பள போட்டா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியாது எசமான்."

"எனக்கும் தெரியாது. இதுவரைக்கும் எவளும் போட்டதில்ல." கையுறையைக் கழற்றினார், மாட்டினார். "நேத்து வந்த பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? லுகோயார்ல நிமிந்து நின்ன ஒரே காவல்காரன் துறைக் கூண்டுக்காரன்தானாம். மத்தவங்க அவனைப் பாத்துக் கத்துக்கணுமாம். அப்படிப்பட்ட ஆளை நான் எப்படி விடறது?"

நான் முழங்காலிட்டேன். கோட்டு கனத்தில் தடுமாறித்தான் விழுந்தேன் என்றும் சொல்லலாம்.

"எந்திரி, எந்திரி. யாராவது பாத்தா காவல்காரன் பைத்தியமாயிட்டான்னு நெனைப்பாங்க. ஓர் ஆளைக் கொண்டான்னு சொன்னேன், கொண்டாந்துட்டே. நான் சொன்ன சொல்லு தவறமாட்டேன். நிக்கனோர் போகட்டும். உன் அண்ணன் வீட்ல கெடந்து உடம்பைத் தேத்திக்கட்டும். பேரு இங்க இருக்கட்டும், கோட்டு இங்க இருக்கட்டும்."

"நானு?"

"கோட்டு தானா நிக்குமா?"

"எது வரைக்கும் எசமான்?"

"பதில் ஆள் வர்ற வரைக்கும்." வண்டியில் ஏறிக்கொண்டு, வருத்தத்தோடுதான், இதையும் சொன்னார். "நடுவுல நீ ஓடினா, ஓடினது உஸ்தீன்யா இல்ல. நிக்கனோர். சிப்பாய்ங்க போய் உன் அண்ணன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. ஞாபகம் வச்சுக்க."

நிக்கனோரிடம் சொன்னபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "பொண்டாட்டியக் காத்துல நிக்க வச்சுட்டு நான் போய்த் தேன் நக்கணுமா?"

"ஆமா, போய் நக்கு. செத்துட்டா நக்க முடியாது."

"நீ செத்துட்டா?"

"எனக்கு நெஞ்சு இரும்பு. நீயே சொல்லுவியே."

"நான் சொன்னது நாக்கை" என்றான். இருவரும் சிரித்தோம், அவனுக்கு இருமல் வந்தது.

தெற்கே உப்பு மீன் கொண்டுபோகிற வண்டிக்காரன் ஒருவன் கிடைத்தான், ஊருக்குப் புதியவன். நிக்கனோரை என் பாவாடையிலும் சால்வையிலும் சுற்றி, பல்வலி என்று தாடியை மறைத்துக் கட்டி, கூண்டுக்காரன் பெண்டாட்டி உஸ்தீன்யா அண்ணன் வீட்டுக்குப் போகிறாள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி ஏற்றிவிட்டேன். வண்டி துறையில் இறங்கும்போது நான் கூண்டில் நின்றாக வேண்டும். நின்றேன். வைக்கோலுக்கு நடுவே சால்வை தெரிந்தது. ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான் என்று கம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் தூங்கிவிட்டிருந்தான். எத்தனையோ மாதம் கழித்து இருமாமல் தூங்குகிறான். சந்தோஷப்பட வேண்டியவள் நான். கோபம்தான் வந்தது, அழுகையாக வந்தது, காலருக்குள் உறைந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரைப் பொறுத்தவரை உஸ்தீன்யா போய்விட்டாள். அவள் தேவாலயத்துக்குப் போக முடியாது. சந்தைக்குப் போக முடியாது. பொடி விற்க முடியாது. என் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். கூண்டிலிருந்து குடிசைக்கு, குடிசையிலிருந்து கூண்டுக்கு. தொண்டை பேசாமல் பேசாமல் தனியாக இருக்கும்போதுகூடக் கரகரத்தது. ஒருநாள் பெலகேயா கூண்டு முன்னால் கூடையை இறக்கிவிட்டு நின்றாள்.

"நிக்கனோர் அண்ணே, சொல்றேன்னு கோச்சுக்காத. நோவுல கெடந்த புருஷனை விட்டுட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாளே, அவ ஒரு பொம்பளையா? எனக்கு அப்பவே தெரியும். அவ கண்ணே சரியில்ல."

நான் என்ன செய்ய? தலையாட்டினேன்.

"வாய் இருக்கே, ஆத்துக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேக்கும். இப்ப துறையே நிம்மதியா இருக்குது." போகிறபோது ஒரு மீனை என் காலடியில் வைத்தாள். "சமைச்சுத் தின்னு. எளைச்சுட்டே."

அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டேன். என்னைத் திட்டியவள் கொடுத்த மீனை, என்னைத் திட்டியதற்காகக் கிடைத்த மீனை, முள்ளு முள்ளாக உறிஞ்சினேன். பசி.

ஆனாலும் ஒரு நினைப்பு என்னை நிறுத்தி வைத்திருந்தது. எங்கோ தெற்கே ஒரு சூடான வீட்டில் அவன் மூச்சு விடுகிறான். நான் இங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு நாள். மீன் வண்டிக்காரன் திரும்பி வந்தபோது என்னிடமே சொன்னான், "அண்ணே, உங்க சம்சாரம் வழியெல்லாம் தூங்கிட்டே வந்தாங்க. ஆனா பொம்பளைக்கு அப்படி ஒரு குறட்டை ஆகாதுண்ணே." அந்தக் குறட்டையை நினைத்துக்கொண்டே தவக்காலம் முழுவதும் நின்றேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பனி கறுத்து, அங்கங்கே தண்ணீர் ஏறத் தொடங்கியது. இனி யாரும் நடக்கக் கூடாது என்று துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஊர்ப்பக்கம் இருந்து ஒருவன் மேட்டில் இறங்கி வந்தான். கன்னம் சதை போட்டிருந்தது, நெற்றியில் வெயில் பட்ட நிறம். நொண்டுகிற நடையைப் பார்த்த பிறகுதான் நிக்கனோர் என்று தெரிந்தது. குடிசைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். கட்டிக்கொண்டேன், உடனே தள்ளிவிட்டு முதுகில் அடித்தேன்.

"ஏன்யா வந்தே? ஏன் வந்தே? உனக்காக நான் இங்க..."

"அடிக்காத. நல்லா அடி, வலிக்கல பாரு, இருமலும் வரல பாரு." முகமெல்லாம் சிரிப்பு. "தேன் தொண்டையில எறங்கலடி. ஒவ்வொரு நாளும் நீ காத்துல நிக்கறே, நான் திங்கறேன். மூச்சு நேரானதும் கெளம்பிட்டேன். கோட்டைக் கழட்டு. இனிமே நீ உஸ்தீன்யா."

நான் பொத்தானில் கை வைத்தேன். கோட்டு தோளிலிருந்து நழுவ ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் கேட்டேன், "ஊர்ப்பக்கத்துலேருந்து ஏன் வந்தே? தெற்கு ரோடு ஆத்துக்கு அந்தப்பக்கமாச்சே."

"ராத்திரியே ஆத்தைத் தாண்டி முதல்ல எசமான் வீட்டுக்குப் போனேன். அதானே முறை? திரும்பி வந்த சிப்பாய் முதல்ல மேலதிகாரிக்குத்தான் சொல்லணும். உடம்பு தேறிட்டுது, வேலைக்கு வந்துட்டேன், பொண்டாட்டியை விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்."

இருபது வருஷத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவன் வேறு என்ன செய்வான்? நழுவிய கோட்டை மேலே இழுத்துக்கொண்டேன். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது.

பொர்பீரி லூக்கிச் உள்ளே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வயலில் ஒரு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் இரண்டு கண்ட மனிதரின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

"பதில் ஆள் வந்தாச்சே எசமான்" என்றேன். "நீங்க சொன்ன சொல்லு."

"எங்க வந்தான்? இவன் பழைய ஆளு." நிக்கனோரின் தோளைத் தட்டினார், நெஞ்சைத் தட்டினார். "நல்லா இருக்கான். சீக்காளின்னு சொன்ன வைத்தியர் வந்து பாக்கட்டும். இப்படி ஒரு ஆளை எந்த மேலதிகாரி விடுவான்? கேளு தாயி. அக்கரைக் கூண்டு காலி. கிழவன் பதேய் அங்க நின்னுட்டிருந்தான், போன மாசம் செத்துட்டான். நான் இன்னும் மேல சொல்லல, சொன்னா எதுக்கு இத்தனை ஆள் சாகறாங்கன்னு கேப்பாங்க. நிக்கனோர் அங்க போகட்டும், பதேயா நிக்கட்டும்."

"நான்தான் நிக்கனோர் எசமான்" என்றான் நிக்கனோர் ஒன்றும் புரியாமல்.

"நிக்கனோர் துறைக் கூண்டுல நிக்கறான். கவர்னர் வரைக்கும் தெரிஞ்ச ஆளு." பொர்பீரி லூக்கிச் எங்கள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினார். "பாருங்க, நான் பொல்லாதவன் இல்ல. ஆனா இது வெளிய வந்தா, லீவு இல்லாமப் போனதுக்கு அவனுக்குச் சவுக்கு. கோட்டுப் போட்டதுக்கு உனக்கு என்னவோ ஒண்ணு. எனக்கும் வேலை போகும். ஆளுக்கொரு வாய், மூணு வாயும் மூடியிருந்தா மூணு பேரும் பொழைச்சோம். ஆள் வந்ததும் முதல்ல உங்களைத்தான் விடுவேன்."

பனி தாங்குகிற கடைசி நாள் என்பதால் அன்றைக்கே அவனை அக்கரைக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். சிசோய்தான் பதேயின் பழைய கோட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். நான் கம்பால் வழி காட்டினேன், எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று. அது என் வேலை.

இரண்டு நாளில் ஆறு உடைந்துவிட்டது. இப்போது நடுவில் வெள்ளம், பனிப்பாறைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகின்றன, படகு இறங்க இன்னும் எத்தனையோ நாளாகும். அக்கரைக் கூண்டு மேட்டின் உச்சியில் இருக்கிறது. எங்கள் கூண்டுக்காவது பின்னால் குடிசை தடுப்பாக உண்டு, அதற்கு நாலு பக்கமும் காற்று. இங்கிருந்து முகம் தெரியாது. கோட்டு தெரியும், கம்பு தெரியும். காலையில் அவன் கம்பை ஒரு தடவை தூக்குகிறான், நானும் தூக்குகிறேன். வண்டிக்காரர்கள் காவல்காரர்களின் வழக்கம் என்று நினைக்கிறார்கள். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவனைப் போல ஒருவன் இந்த உலகத்தில் எனக்காக நடந்து வந்திருக்கிறான் என்பதும் தீரவில்லை.

வெள்ளத்தின் இரைச்சலில் அவன் இருமினாலும் எனக்குக் கேட்காது. அதனால் தோளைப் பார்க்கிறேன். நாள் முழுக்க வேறு எதையும் பார்ப்பதில்லை. கம்பைப் பிடித்த கையும் கோட்டின் தோளும் அசையாமல் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். இன்று மத்தியானம் காற்று வடக்கே திரும்பியதும் அந்தத் தோள் குலுங்கியது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை, பிறகு கம்பு சாய்ந்து அவன் கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். துறையில் நின்ற எல்லோரும் திரும்பி, நிக்கனோர் எதற்குத் தன் பெயரையே கூப்பிடுகிறான் என்று என்னைப் பார்த்தார்கள்.